தூணில் நிற்பவளின் இடது கை

1

"அக்கா, நீ எழுதினபடியே டார்ச் லைட்டு, இஞ்ச் டேப்பு ரெண்டும் எடுத்துகினு போனேன். அந்தப் பொம்ம கையில இருக்கறது கல்லு இல்லக்கா. விபூதி. சாமி கும்புட்டு வர்றவங்க மிச்ச விபூதிய அங்கதான் போட்டுட்டுப் போறாங்க. எண்ணெ பட்டுப் பட்டு மேல கருப்பா கல்லாட்டம் ஆயிட்டிருக்குது. வெரலால நோண்டிப் பாத்தேன். மாவாட்டம் உதுருது. நீ எழுதினத எழுதினபடி விட்டுடு. அத்தினி தூரத்துல யாரு வந்து பாக்கப் போறாங்க? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

என் தம்பி வேலு திருவண்ணாமலையிலிருந்து எழுதிய ஏர் லெட்டரில் உள்ள வரிகள் இவை. அவன் பேசுவதைப் போலவேதான் எழுதுவான். கடிதத்தில் போட்டிருக்கும் தேதி 3-3-1985. கனடாவில் வின்னிப்பெக் நகரத்தில் என் கைக்கு அது வந்து சேர்ந்தது 14-3-1985, வியாழக்கிழமை. இன்றோடு சரியாக ஓராண்டு.

கடிதம் வந்தபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. கலை வரலாற்றில் எம்.ஏ. மாணவி. திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் ஒரு தூணில் செதுக்கப்பட்டிருக்கும் பெண்ணைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். அவளுடைய வலது கை தொடைமேல் தொங்குகிறது. மார்புக்கு நேரே ஏந்திய இடது கையில் உருண்டையாக ஒன்று இருக்கிறது. அது ஒரு பழம், கோயிலுக்குக் காணிக்கை கொண்டுவந்த ஒரு பெண்ணின் உருவம் இது என்று மூன்றாம் அத்தியாயத்தில் நாற்பத்திரண்டு பக்கம் வாதாடியிருந்தேன். ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 15. அதற்காக மருத்துவமனை வேலையில் எட்டு மாதம் விடுப்பு எடுத்திருந்தேன். இன்னொரு முறை கேட்டால் கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தூண் எது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிற நீங்கள் போய் நோண்டிப் பார்ப்பீர்கள்.

2

இந்தப் படிப்பு எப்படித் தொடங்கியது என்று ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். தேதியோடு சொல்லிவிடுகிறேன்.

நான் வேலூரில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். கல்யாணமாகிக் கணவரோடு 1970இல் இங்கே வந்தேன். அடுத்த ஆண்டிலிருந்து ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். ரத்தமும் சிறுநீரும் சிறு குழாய்களில் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் யாருடையது, எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் தேதி போடும் என் பழக்கத்துக்கு இந்த வேலைதான் காரணம் என்பார் என் கணவர். அது தவறு. என் டைரிகள் 1958இலிருந்து இருக்கின்றன.

1981 நவம்பர் 12 அன்று எங்கள் வட்டார நூலகத்தில் தென்னிந்தியக் கோயில்களைப் பற்றிப் படம் போட்டு ஒரு பேச்சு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் ஒன்பது பேர் வந்திருந்தோம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த இளம் பேராசிரியை ஒரு நடராஜரைத் திரையில் காட்டினார். எனக்கு ஏதோ இடித்தது. சாமி வலது காலைத் தூக்கியிருந்தார். நான் கையை உயர்த்தி, "இது மதுரையா?" என்று கேட்டேன். மதுரையில்தானே கால் மாற்றி ஆடுகிறார்? "இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம்" என்றார். "அப்படியானால் படத்தை மாற்றிச் செருகியிருக்கிறீர்கள்" என்றேன்.

அவர் படத்தைக் கழற்றி, திருப்பிச் செருகினார். சாமி இடது காலைத் தூக்கினார். பேச்சு முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "இதை எங்கே படித்தீர்கள்?" என்றார். "படிக்கவில்லை. பார்த்திருக்கிறேன்" என்றேன். படிக்கலாமே என்று அவர்தான் சொன்னார். அவர் என்னைவிட நான்கு வயது சிறியவர். அடுத்த ஆண்டு அவர் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது, அவருக்குப் பதிலாக நான்தான் பாடம் எடுக்க வந்தவள் என்று நினைத்து இரண்டு பையன்கள் எழுந்து நின்றார்கள்.

3

சேர்வதற்குள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

என் பட்டச் சான்றிதழில் பெயர் ச. கமலவேணி. பாஸ்போர்ட்டில் கமலவேணி தணிகாசலம். ச. என்பவர் யார் என்று பதிவு அலுவலகத்துப் பெண் கேட்டாள். அப்பா என்றேன். தணிகாசலம்? கணவர். "அப்படியானால் உங்களுடைய குடும்பப் பெயர் எது?" அப்படி ஒன்று இல்லை என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவைக்க மூன்று நடை ஆயிற்று.

பிறந்த தேதி அடுத்த சிக்கல். பள்ளிச் சான்றிதழ்ப்படி நான் 1-6-1940இல் பிறந்தவள். உண்மையில் 1941 ஆகஸ்டு. பள்ளியில் சேர்க்க வயது போதாதென்று ஜூன் முதல் தேதியைக் கொடுத்துவிட்டார் அப்பா. என் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள்தாம். ஆண்டு முழுவதையும் தேதி பார்த்து எழுதிவைக்கும் நான், அரசாங்கத் தாள்களில் மட்டும் நாற்பது ஆண்டுகளாகத் தவறான தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவருகிறேன்.

வீட்டில் வேறு மாதிரி. மகள் உமாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். என் முதல் நாள் வகுப்புக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "அம்மா, நீ என் பஸ் ஸ்டாப்பில் நிற்காதே. அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போ" என்றாள். நடந்தேன். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்காத காலம்தான், பரவாயில்லை.

முதல் பருவத்தில் ஒரு நாள் எங்களை அருங்காட்சியகத்தின் கிடங்குக்கு அழைத்துப்போனார்கள். எல்லோருக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, எதையும் தொடக் கூடாது என்றார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கப் பழக வேண்டும். நான் இதை வேகமாகக் கற்றுக்கொண்டேன். பாராட்டுகூடக் கிடைத்தது.

4

1984 ஜனவரியில் ஐந்து வாரம் திருவண்ணாமலையில் தங்கினேன். வேலு கீழ்பென்னாத்தூரில் மணிலா, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறான். குடியிருப்பது டவுனில். காலையில் அவன் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறுவான், நான் கோயிலுக்கு நடப்பேன்.

படம் எடுக்க அனுமதி வேண்டும். அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டுக் கோயில் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். மனுவை வாங்கிய பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாணவின்னு போட்டிருக்குது. யாரும்மா மாணவி? உங்க பொண்ணுங்களா?"

"நான்தாங்க."

"நீங்களா? இந்த வயசுல இன்னா படிப்புங்க?"

"கோயில் படிப்புங்க."

"அதுக்குக் கனடாவுக்கா போனீங்க?" என்று சொல்லிவிட்டு, நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து, மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் கிடைத்தது, வெளி மண்டபங்களுக்கு மட்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

தூணருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைவேன். அளப்பேன். கைகளைக் கற்றுக்கொண்டபடி பின்னால் கட்டிக்கொள்வேன். அப்படி ஒரு நாள் நான் வரைந்துகொண்டிருக்கும்போது சாமி கும்பிட்டுவிட்டு வந்த ஒரு அம்மாள் என்னருகில் நின்றார். நெற்றி நிறைய விபூதி. உள்ளங்கையிலும் கொஞ்சம் மீதி இருந்தது.

"இன்னாம்மா அளக்கற? சர்வேயா?"

"இல்லீங்க. படிக்கறேன்."

"படிக்கறியா! உனுக்குப் புள்ளைங்க இல்ல?"

"ஒரு பொண்ணு இருக்குதுங்க. பதிமூணு வயசு."

"அது இன்னா பண்ணுது?"

"அதுவும் படிக்குது."

"நல்லா இருக்குது போ. ரெண்டு பேரும் ஒரே கிளாஸா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் கையை நீட்டினார். "செத்த நவுரு. இத வெச்சிட்டுப் போறேன்."

"ஒரு நிமிஷம் இருங்க. இந்தக் கைய மட்டும் வரைஞ்சிக்கறேன்."

பாவம், நின்றார். நான் அந்தக் கையையும் உருண்டையையும் நிழலோடு வரைந்து முடித்ததும், "ஆச்சா?" என்று கேட்டு, தன் உள்ளங்கையில் இருந்ததைச் சிற்பத்தின் கையில் தட்டிவிட்டு, விரல்களை அவள் மணிக்கட்டில் துடைத்துக்கொண்டு போனார்.

அன்றைய குறிப்பேட்டில் நான் எழுதியிருப்பது இது: "21-1-1984. காலை 10.40. பக்தர் ஒருவரால் வேலை தடைப்பட்டது. மூன்று நிமிடம்."

அடுத்த வரியில் உருண்டையின் விட்டம். இரண்டே முக்கால் அங்குலம். மேற்பரப்பு கருப்பு, வழவழப்பு. உச்சியில் புதிதாக இட்ட விபூதி. 'பழத்தின் மேல் விபூதி' என்று எழுதியிருக்கிறேன். அது எல்லாமே விபூதிதான் என்று தோன்றவில்லை.

5

ஓராண்டு கழித்து ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்த பேராசிரியை ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: "பழமும் கையும் ஒரே கல்லா? இணைப்பு தெரிகிறதா?" என் புகைப்படங்களில் அது தெரியவில்லை. அதனால்தான் வேலுவுக்கு எழுதினேன். டார்ச் எடுத்துப் போ, இஞ்ச் டேப் எடுத்துப் போ என்று. தொடாதே என்று எழுத மறந்துவிட்டேன். நல்ல வேளை.

கடிதம் வந்த அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அதைச் சத்தமாகப் படித்தேன். என் கணவர் சிவில் இன்ஜினியர், சுருக்கமாகப் பேசுவார்.

"கமலா, வேலு சொல்றது சரிதான். நீ பழம்னு எழுதிட்ட. பழம்தான். அதக் கடிச்சிப் பாக்க இங்கேர்ந்து யாரும் போகப் போறதில்ல."

உமா அலறினாள். பள்ளியில் தட்டச்சு ஒரு பாடம் என்பதால் ஆய்வேடு முழுவதையும் அவள்தான் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்திரண்டு பக்கம்! 'பழம்' என்ற சொல்லை எத்தனை தடவை அடித்திருக்கிறேன் தெரியுமா?"

கணவர் சொன்னது விளையாட்டுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு மேலாகச் சமையலைப் பாதி அவர்தான் பார்த்துக்கொண்டார். இன்னும் ஒரு மாதம், அதற்குள் பக்கங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அந்தக் கையைப் பற்றி வின்னிப்பெக்கில் தெரிந்தவர்கள் அந்த மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேர்தான்.

கடிதத்தில் இன்னும் நான்கு வரி மீதி இருந்தது. அதை அப்போதுதான் படித்தேன்.

"நீயும்தானக்கா போடுவ. வெள்ளிக்கிழமைல அம்மாகூட போவோமே. எனுக்கு எட்டாதுன்னு என் கையில இருக்கறதையும் வாங்கி நீதான் போடுவ. அந்த அடி மேடைமேல ஏறி நின்னுகினு போடுவ. மறந்துட்டியா?"

சுத்தமாக மறந்திருந்தேன். இன்றும் நினைவுக்கு வரவில்லை. என் டைரி தொடங்குவதற்கு முந்தைய காலம் அது, எடுத்துப் பார்க்கவும் வழியில்லை.

"அப்படியானால் நீ அளந்ததில் நீ போட்டதும் இருக்கிறதா?" என்றாள் உமா. அவள் முகம் மாறியிருந்தது. திருவண்ணாமலை என்றால் அதுவரை அவளுக்கு விடுமுறையில் வெயிலும் கொசுவலையும்தான். "ஏன் அந்தக் கையில்? பக்கத்துத் தூணிலும் ஒரு பெண் இருக்கிறாளே, நீ படம் எடுத்திருக்கிறாய். அவள் கையில் ஏன் போடவில்லை?"

மூன்று பருவம் படித்த நான் கேட்காத கேள்வி. குறிப்பேட்டை எடுத்துவந்தேன். பக்கத்துத் தூணில் இருப்பவளின் கை கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது. எதிர்த் தூணில் இருப்பவளின் கை ஏழடி உயரத்தில். நம் பெண்ணின் இடது கை தரையிலிருந்து நான்கடி இரண்டு அங்குலம். குழிந்த கை. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் குனியாமல், எக்காமல், நின்றுகூட யோசிக்காமல் கையை நீட்டினால் அங்கே போய்ச் சேரும். எல்லா அளவையும் ஓராண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறேன்.

6

வியாழன் வந்த கடிதத்தைத் திங்கட்கிழமைதான் பேராசிரியையிடம் எடுத்துப்போனேன். இடையில் மூன்று நாள் அது மேசை இழுப்பறையில் இருந்தது. அந்த மூன்று நாளில் நான் என்ன நினைத்தேன் என்பதை டைரியில் எழுதவில்லை. அன்றன்றைய குளிர் எவ்வளவு என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஆகவே இப்போது எழுதுவது நினைவிலிருந்து. ஆய்வேட்டை அப்படியே கொடுத்துவிடலாம் என்றுதான் சனிக்கிழமை வரை நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உமா அடித்து வைத்திருந்த பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, "நவுரு, இத வெச்சிட்டுப் போறேன்" என்று நின்ற அந்த அம்மாள் நினைவுக்கு வந்தார். இந்த அத்தியாயத்தை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால், இரண்டாவது வரியில் சிரித்துவிடுவார். ஊருக்கே தெரிந்த ஒன்றை, அந்த ஊரில் பிறந்தவள் கடல் கடந்து போய்ப் பழம் என்று எழுதியிருக்கிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்?

பேராசிரியையிடம் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். சாமி கும்பிட்டபின் மீந்த சாம்பல் என்றேன். அவர் திடுக்கிட்டு, "யாருடைய சாம்பல்?" என்றார். இந்த நாட்டில் சாம்பல் என்றால் அதுதான் முதலில் நினைவுக்கு வரும். விபூதி என்றால் என்ன, கையில் வாங்கி நெற்றியில் இட்டது போக மிஞ்சியதை ஏன் கீழே உதறக் கூடாது, உதறினால் கால் படும் என்றெல்லாம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "நீங்கள் வேதியியல் படித்தவர் அல்லவா?" என்றார்.

பதின்மூன்று ஆண்டு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தவள், சாம்பலைக் கல் என்று நினைத்திருக்கிறேன்.

"என்னிடம் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது" என்றார்.

"என் தம்பிக்குத் தெரியும்" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். ஒரு மாதத்தில் இதைச் சரிசெய்ய முடியாது, அத்தியாயத்தை எடுத்துவிட்டால் ஆய்வேடு நிற்காது, இந்த ஆண்டு பட்டம் இல்லை.

ஏப்ரல் 15 வந்து போனது. மே முதல் தேதி மருத்துவமனைக்குத் திரும்பினேன். ஏழு மணி வேலை, மூன்றரைக்கு வீடு, நான்கு முதல் ஆறு வரை ஆய்வேடு, பிறகு சமையல். மூன்றாம் அத்தியாயம் பத்தொன்பது பக்கமாகச் சுருங்கியது. ஒரு கல் கையை ஓர் ஊர் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதுதான் இப்போது அதன் பொருள். 21-1-1984 காலை 10.40க்கு நடந்த தடங்கல்தான் அதன் முதல் பத்தி. அந்த அம்மாளின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை, அது என் குறை. உமா மறுபடி தட்டச்சு செய்தாள். "இப்போது எழுதியிருப்பது புரிகிறது" என்றாள். அதற்கு முன்பு அவள் அடித்த நாற்பத்திரண்டு பக்கத்தைப் பற்றி அவள் கருத்தை நான் கேட்கவில்லை.

சென்ற டிசம்பர் 11ஆம் தேதி தேர்வுக் குழு முன்னால் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடைசியாக ஒன்று கேட்டார்: விபூதியை எல்லாம் எடுத்துவிட்டால் அந்தக் கையில் என்ன இருக்கும்? தெரியாது என்றேன். ஒரு அடிக்குறிப்பில் அதை அப்படியே சொல்லிவிடுங்கள் என்று சொல்லித் தேர்ச்சி கொடுத்தார்கள்.

அந்த அடிக்குறிப்பை எழுதுவதற்காக வேலுவுக்கு மறுபடி எழுதினேன். இனிமேல் அதை நோண்ட வேண்டாம், நோண்டின அன்று பார்த்தது என்ன என்று மட்டும் சொல் என்று கேட்டேன். அவன் பதில், தேதி 2-1-1986:

"நோண்டின குழிய அன்னிக்கே நான் விபூதி போட்டு அடச்சிட்டேன்கா. மனசு கேக்கல. ஒண்ணு மட்டும் போன லெட்டர்ல எழுதல. வெரலு ரெண்டு கணு உள்ள போனப்ப நகத்துல கெட்டியா இடிச்சிது. உள்ளங்கையா இருக்கும்னு நெனச்சிகினேன். வேற எதனாவா கூட இருக்கலாம். எனுக்கு இன்னா தெரியும்?"

வேலுவின் விரலில் இரண்டு கணு எத்தனை அங்குலம் என்று எழுதிக் கேட்டேன். ஒன்றே முக்கால் என்று பதில் வந்துவிட்டது. அவன் நோண்டிய இடத்திலிருந்து உள்ளங்கை எவ்வளவு ஆழம் என்பதை விபூதியை எடுக்காமல் அளக்க முடியாது. எடுக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கப் போவதில்லை. உள்ளங்கை ஒன்றே முக்காலைவிட ஆழத்தில் இருக்கிறது என்றால் உள்ளே செதுக்கிய பொருள் ஒன்று இருக்கிறது, பழமாகக்கூட இருக்கலாம், நான் கிழித்துப் போட்ட பக்கங்கள் சரியாகக்கூட இருக்கலாம். அவ்வளவுதான் ஆழம் என்றால் அவன் நகத்தில் இடித்தது வெறும் உள்ளங்கை.

எது என்று 14-3-1986 வரை சரிபார்க்கப்படவில்லை.